பெட்ரோல் போட்டது யார்?

"பெட்ரோல் போட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லாத வண்டிக்காரர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். ஆனால் அப்படிச் சொல்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தங்கள் கையால் பெட்ரோல் போட்டதில்லை. பங்க்கில் வண்டியை நிறுத்துவோம், மூடியைத் திறப்போம், "ஐந்நூறுக்கு" என்போம். குழாயை எடுத்துச் செருகுவதும் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து காட்டுவதும் சில்லறை தருவதும் சீருடை போட்ட இன்னொருவர். இலக்கண வகுப்பில் மூன்றாம் வேற்றுமை நடத்தும்போது ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என்று பிரித்துச் சொல்வோம். அரசன் கோயில் கட்டினான் என்றால் அரசன் ஏவியவன், கல் சுமந்தவர் வேறு. நம் பெட்ரோல் வாக்கியமும் அந்த வகைதான். எழுவாயாக நாம் நிற்கிறோம், வேலை வேறொருவருடையது.

மின்கார் வந்ததும் வாக்கியம் மாறாமல் பொருள் மட்டும் மாறிவிட்டது. "சார்ஜ் போட்டுட்டு வர்றேன்" என்று சொல்கிறவர் இப்போது உண்மையாகவே தானே போடவேண்டும். அறுபத்தேழு வயதில் ஒருவர் ஏவுதற் கருத்தாவிலிருந்து இயற்றுதற் கருத்தாவாக ஆக்கப்படுகிறார். அதற்கு அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இதை எனக்கு உணர்த்தியது ஒரு பயணம். கிருஷ்ணகிரியில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர். எனக்கு டீச்சர். கணவர் இறந்த பிறகு ஐம்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றவர். வெளிநாட்டில் இருக்கும் மகன் ஆசையாக மின்கார் வாங்கிக் கொடுத்தார். கண் பரிசோதனைக்கு அவர் பெங்களூரு போனபோது நானும் கூடப் போயிருந்தேன். கண்ணுக்கு மருந்து விட்டால் ஓட்ட முடியாதே என்பதற்காக. திரும்பும்போது ஓட்டியது நான். அத்திப்பள்ளி எல்லை நெரிசலிலேயே ஒன்றரை மணி நேரம் போனது. ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. ஓசூர் தாண்டும்போது பேட்டரி இருபதுக்குக் கீழே வந்திருந்தது. சூளகிரிக்கு முன்னால் நெடுஞ்சாலையோர உணவகம் ஒன்றில் சார்ஜர் இருக்கிறது என்று திரை சொன்னது.

இருந்தது. கழிப்பறைக்குப் பின்பக்கம், கூரை இல்லாத வெயிலில். மழைநீர் தேங்காமலிருக்க அரை அடி உயரத்துக்குத் திண்டு கட்டி அதன்மேல் பெட்டியை வைத்திருந்தார்கள். இரண்டு கன் தொங்கியது. ஒன்றில் விளக்கு எரியவில்லை. மற்றதற்கு ஆப் வேண்டும். ஆப் டீச்சர் போனில் இருந்தது, ஆனால் கணக்கை மகன் தன் எண்ணில் தொடங்கியிருந்தார். ஓடிபி சிகாகோவுக்குப் போனது. அங்கே விடியற்காலை நாலரை மணி. என் போனில் புதிதாக ஆப் இறக்கி, பேர் பதிந்து, வண்டி எண் கொடுத்து, குறைந்தபட்சத் தொகை என்று அது கேட்டதைக் கட்டி முடிப்பதற்குள் அரை மணி ஆயிற்று. பிறகு கன்னைத் தூக்கினேன். என் மணிக்கட்டே வளைந்தது. செருகினால் பிடிக்கவில்லை. டீச்சர் கறுப்புக் கண்ணாடியோடு திண்டின் விளிம்பில் நின்றுகொண்டு, "ஏம்மா, நான் தனியா வந்திருந்தா என்னம்மா பண்ணியிருப்பேன்?" என்றார்.

உணவகக் காவலாளி வந்தார். அவருக்கும் அறுபதுக்கு மேல் இருக்கும். கேபிளைத் தோளில் போட்டு எடையைத் தாங்கிக்கொண்டு, கன்னைச் சற்றே மேல்நோக்கித் தூக்கி அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. "இப்படித்தான்மா பிடிக்கும். தினம் நாலு பேருக்கு நான்தான் மாட்டி விடறேன்" என்றார். அதற்கு அவருக்குச் சம்பளம் கிடையாது. சார்ஜர் வைத்த கம்பெனிக்கு இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது.

அவருடைய இடம் வரலாற்றில் எங்கே போனது என்று பிறகு தேடிப் படித்தேன்.

கார் வரலாற்றின் முதல் நீண்ட பயணம் ஒரு பெண்ணுடையது. 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தன் தாய்வீட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அந்த மூன்று சக்கர வண்டியில் போனார். தொப்பி ஊசியால் எரிபொருள் குழாய் அடைப்பை நீக்கினார் என்ற கதை எல்லாருக்கும் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடை. வழியில் எரிபொருள் தீர்ந்தபோது, கறை நீக்கப் பயன்படும் லிக்ராயின் என்ற திரவத்தை அங்கேதான் வாங்கினார். உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்தக் கடை இன்றும் பெருமைப்பட்டுக்கொள்கிறது. அந்த முதல் பங்க்கில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். கேட்டால் எடுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்க நகரங்களில் மின்கார்கள் பெருகின. இன்று மின்காரைப் புதுமை என்று பேசுகிறவர்கள் மறந்துவிடுவது இது. பெட்ரோல் வண்டிக்கு முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும், அது பின்னுக்கு உதைத்தால் கை எலும்பு முறியும். மின்காருக்கு அந்தத் தொல்லை இல்லை. சத்தம் இல்லை, புகை இல்லை, கியர் இல்லை. எனவே அது 'பெண்களின் கார்' என்று விளம்பரப்படுத்தப்பட்டது. பெட்ரோல் காரின் மன்னரான ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே டெட்ராய்ட் எலெக்ட்ரிக் காரைத்தான் ஓட்டினார். அவருடைய 1914 வண்டி இன்றும் பாதுகாக்கப்படுகிறது. வர்ஜீனியா ஷார்ஃப் என்ற வரலாற்றாசிரியர் 1991இல் எழுதிய நூலில் இந்தப் பெண்–மின்கார் பிணைப்பைக் கேள்வி கேட்கிறார். பெண்கள் தூரம் போக மாட்டார்கள், வேகம் விரும்ப மாட்டார்கள், ஊரைச் சுற்றிவிட்டு வீடு திரும்புவார்கள் என்ற நினைப்பு அந்த விளம்பரங்களில் ஒளிந்திருந்தது. உண்மையில் பல பெண்கள் பெட்ரோல் காரைத்தான் விரும்பினார்கள், பல ஆண்களுக்கு மின்காரின் சொகுசு பிடித்திருந்தது. 1912இல் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்ததும் கைப்பிடி சுழற்றும் வேலை போனது. மின்காரின் பெரிய சாதகமும் அதோடு போனது.

ஆனால் அந்தப் பழைய மின்கார் எப்படி சார்ஜ் ஆனது என்று பார்த்தால் வேறொரு படம் கிடைக்கும். வசதியானவர்கள் வீட்டிலேயே கருவி வைத்துக்கொண்டார்கள், அதைக் கவனிக்க வேலையாள் இருந்தார். மற்றவர்கள் ஊரிலிருந்த மின்கார் கராஜில் இரவு விட்டுவிடுவார்கள். அங்கே பணியாளர்கள் சார்ஜ் ஏற்றி, கழுவித் துடைத்து, கேட்ட நேரத்துக்கு வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். ஹார்ட்ஃபோர்ட் நகரின் மின் நிறுவனம் 1912 முதல் மின் லாரிகளுக்குப் பேட்டரியையே மாற்றிக் கொடுத்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் தெருவோரத்தில் காசு போட்டால் மின்சாரம் தரும் தூணைக்கூட யோசித்தது. 'எலெக்ட்ரன்ட்' என்று பெயர். அது பரவவில்லை. பரவியது ஆள் செய்த சேவைதான். மின்கார் எளிது என்ற அந்தக் காலத்துப் புகழில் பாதி, கண்ணில் படாத கராஜ் தொழிலாளியின் கைக்குச் சேரவேண்டியது.

பெட்ரோல் பக்கமும் அப்படியே. நம் நாட்டில் தகர டின்களில் பெட்ரோல் விற்ற காலத்திலும் சரி, பம்பு வந்த பிறகும் சரி, ஊற்றிக் கொடுக்க ஆள் இருந்தார். அமெரிக்காவில் 1947இல் லாஸ் ஏஞ்சலிஸில் தானே போட்டுக்கொள்ளும் பங்க் திறந்தது. எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அதுவே வழக்கமாயிற்று. விதிவிலக்கு நியூ ஜெர்சி. 1949இல் போட்ட சட்டப்படி அங்கே இன்றும் பணியாளர்தான் போடவேண்டும். மற்ற மாநிலங்களிலும் ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின்படி, ஒருவருக்கு மேல் பணியிலிருக்கும் பங்க்கில் மாற்றுத்திறனாளி கேட்டால் கூடுதல் கட்டணமின்றிப் போட்டுத்தர வேண்டும்.

ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய 'மோர் வொர்க் ஃபார் மதர்' நூலைப் பெண்ணிய வாசகர்கள் அறிந்திருப்பார்கள். வீட்டுச் சாதனங்கள் பெண்ணின் வேலையைக் குறைக்கவில்லை என்பது அதன் வாதம். அதில் காரைப் பற்றிய பகுதி அதிகம் பேசப்படுவதில்லை. முன்பு பால்காரர், காய்கறிக்காரர், மருத்துவர் எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். கார் வந்த பிறகு அவர்கள் வருவது நின்றது. கொண்டுவரும் வேலை சம்பளமில்லாமல் இல்லத்தரசியின் தலையில் ஏறியது. ஆள் இல்லாத சார்ஜர் அந்த வரலாற்றின் அடுத்த படி. பங்க் ஊழியரின் கூலி மிச்சமாகிறது, அவர் செய்த வேலை மிச்சமாவதில்லை. அதை ஓட்டுநர் செய்கிறார். இருபத்தைந்து வயது ஆணுக்கு அது தெரியவே தெரியாது. மூட்டு வலியும் கண்புரையும் உள்ளவருக்குத்தான் அது வேலை என்று தெரியும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். ஓசூருக்கும் இந்தக் கதைக்கும் இருக்கும் உறவு சாதாரணமானதில்லை. 1980இல் டிவிஎஸ் 50 ஓசூரிலிருந்துதான் வந்தது. இருவர் போகக்கூடிய மொபெட். கால் ஊன்ற முடிகிற உயரம், கியர் தொல்லை இல்லை. வயதானவர்களும் பால்காரர்களும் ஊர் ஊராகப் போகும் செவிலியர்களும் அதில் ஏறினார்கள். தொண்ணூறுகளில் அதே நிறுவனம் ஸ்கூட்டியைக் கொண்டுவந்தது, பிறகு அதன் பெப் வகையைப் பெண்களை நோக்கியே விற்றது. பொத்தானை அழுத்தினால் கிளம்பும். கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து நம் பெண்களின் கட்டைவிரலுக்கு வந்துசேர்ந்தது என்று சொல்லலாம். பக்கத்திலேயே, ஓசூர் சாலையில் பொம்மசந்திராவில், சேத்தன் மைனியின் ரேவா மின்கார் 2001இல் பிறந்தது. வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கில் செருகினால் போதும், கிரைண்டர் போடத் தெரிந்தவருக்கு அதுவும் தெரியும். 2010இல் மகிந்திரா அதை வாங்கியது. ஏத்தர் தன் ஸ்கூட்டர் ஆலையை ஓசூரில் 2021இல் தொடங்கியது. அதன் சார்ஜிங் இணைப்பி 2023இல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அங்கீகாரம் பெற்றது. போச்சம்பள்ளியில் ஓலா ஆலையைப் பெண்களே நடத்துவார்கள், முழு அளவில் பத்தாயிரம் பெண்கள் இருப்பார்கள் என்று 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். மோட்டாரும் பேட்டரியும் பூட்டுகிற இளம்பெண்கள் ஷிஃப்ட் பஸ்களில் போவதை நெடுஞ்சாலையில் எந்த விடியலிலும் பார்க்கலாம்.

இவ்வளவும் இங்கே நடந்தும், தமிழ்நாட்டின் 2023 மின்வாகனக் கொள்கை முன்னோடி மின்வாகன நகரங்களாகப் பெயர் சொன்ன ஆறில் ஓசூர் இல்லை. சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், நெல்லை. பெருநகர வரிசை என்று அதற்கு நியாயம் இருக்கலாம். ஆனால் வழிப்போக்கர்களின் ஊருக்கு வேறு வகைத் தேவை உண்டு. பெங்களூரிலிருந்து வரும் சாலை கிருஷ்ணகிரியில்தான் சென்னைக்கும் சேலத்துக்குமாகப் பிரிகிறது. நடுவில் நிற்காமல் போகிறவர் குறைவு.

மத்திய மின்துறையின் வழிகாட்டுதல்கள் 2018 டிசம்பரில் முதலில் வந்தன, அடுத்த ஆண்டே திருத்தப்பட்டன. நகரத்தில் மூன்றுக்கு மூன்று கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலையில் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்று சார்ஜர்களுக்குக் கணக்கு வைத்தார்கள். எந்த வகை பிளக், எத்தனை கிலோவாட், இணைய வழி முன்பதிவுக்கு என்ன ஏற்பாடு என்றெல்லாம் அப்போது கவலைப்பட வேண்டியிருந்தது. நியாயமான கவலைதான். 2017இல் வகுத்த பாரத் டிசி-001 தரத்தில் ஒரு மாதிரி கன், 2020இல் நெக்ஸான் மின்கார் வந்தபோது சிசிஎஸ்-2 என்ற வேறு கன். ஆக, அளந்தது காரின் தூரத்தை. காரிலிருந்து இறங்கிய பிறகு ஓட்டுநர் நடக்கும் பத்தடி தூரத்தை அளக்க இன்னொரு அளவுகோல் வேண்டும்.

பிரிட்டனில் அப்படியொன்றை 2022 அக்டோபரில் வெளியிட்டார்கள். பாஸ் 1899 என்று பெயர். மோட்டபிலிட்டி என்ற மாற்றுத்திறனாளர் அறக்கட்டளையும் அரசும் சேர்ந்து, அங்குள்ள தர அமைப்பைக் கொண்டு எழுத வைத்தது. திரை எந்த உயரத்தில், கன்னைச் செருக எவ்வளவு விசை, பெட்டிக்கு முன்னால் திண்டு இருக்கலாமா, வண்டிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி திரும்ப இடம் உண்டா என்று போகிறது அது. கட்டாயம் இல்லை, விருப்பத் தரம்தான். அதுதான் அதன் குறை. கட்டாயமாக்கியது வேறு சில. 2023இல் வந்த விதிகளின்படி அங்கே வேகச் சார்ஜர்களில் ஆப் இல்லாமல் வங்கி அட்டையைத் தொட்டே பணம் கட்ட வழி வேண்டும், 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் பேச ஒரு தொலைபேசி எண் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஏப்ரல் முதல் புதிதாக வைக்கும் 50 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சார்ஜர்களில் அட்டை வசதி கட்டாயம்.

இவற்றையெல்லாம் இங்கேயும் கேட்கலாம், கேட்கவேண்டும். சூளகிரியின் அந்தப் பெட்டிக்குக் கூரையும் விளக்கும் போட்டு, திண்டைச் சரிவாக்கி, கேபிளை மேலிருந்து எதிர்எடை வைத்துத் தொங்கவிட்டாலே டீச்சரின் மணிக்கட்டுக்குப் பாதி விடுதலை. ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே டீக்கடையில் கேட்கும். ஆப்பின் பிழைச் செய்தி மட்டும் ஆங்கிலத்தில் வந்தால் அது யாருக்காக எழுதப்பட்டது? ஓடிபி கேட்டு மோசடி செய்கிறவர்களைப் பற்றிப் பெரியவர்களை வருடக்கணக்காகப் பயமுறுத்தி வைத்துவிட்டு, நடுவெயிலில் ஓடிபி போடு என்றால் தயங்கத்தான் செய்வார்கள். மகனின் எண்ணில் கணக்கு இருப்பது சின்ன விஷயமாகத் தோன்றும். ஒரு விதவை தன் விருப்பப்படி பெங்களூரு போய்வருவது, தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு ஆணின் போனில் போய் நிற்கிறது என்று பார்த்தால் அது சின்னதாக இல்லை.

ஆனால் பொருள்களைச் சரிசெய்வதோடு என் மனம் நிற்கவில்லை. ஆள் வேண்டும் என்பதே என் கட்சி. 1991–92இல் புதுக்கோட்டையில், ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கையேடு படித்தா கற்றார்கள்? பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த தொண்டர்களால் கற்றார்கள். பத்து நாளில் அந்தக் கை தேவைப்படாமல் போனது. சிலருக்குக் கூடுதலாக ஒரு மாதம் தேவைப்பட்டது, யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

நாளுக்கு எட்டுப் பத்து வண்டிகள் வரும் சார்ஜருக்கு ஒரு ஊழியரை வைத்தால் கட்டுப்படியாகாது என்பார்கள். உண்மை. ஆனால் 2023இல் மத்திய அரசு மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு, அவற்றின் பங்க்குகளில் 7,432 வேகச் சார்ஜர்கள் அமைக்க 800 கோடி ரூபாய் ஒதுக்கியது. பங்க்கில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார். நம் பக்கத்தில் பல பங்க்குகளில் அது பெண். அவருக்கு இந்தக் கன்னைக் கையாளப் பயிற்சி கொடுத்து, அதை அவருடைய வேலையாக எழுதி, அதற்கான கூலியையும் சேர்த்துக் கொடுப்பது முடியாத காரியமில்லை. கூலியை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 'கொஞ்சம் பார்த்துக்கோம்மா' என்ற ஒரு வார்த்தையில் பெண்கள்மேல் ஏற்றிவிடப்பட்ட வேலைகளின் பட்டியல் ஏற்கெனவே நீளம். முதியவருக்கு உதவுவது பெண்ணின் இயல்பு என்று சொல்லி இதையும் அதில் சேர்த்துவிடக் கூடாது. 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, நின்றுகொண்டே வேலை செய்தவர்களுக்கு உட்கார நாற்காலி தரவேண்டும் என்றாக்கியபோது, ஒரு நாற்காலிக்குச் சட்டமா என்று சிரித்தவர்களை எனக்குத் தெரியும். ஜவுளிக்கடைப் பெண்கள் சிரிக்கவில்லை. சார்ஜர் பக்கத்தில் ஒரு நாற்காலி, அதில் சம்பளம் வாங்கும் ஒருவர், எட்டும் தூரத்தில் அவருக்கும் வருகிறவருக்கும் பூட்டாத கழிப்பறை. அரைமணி, முக்கால்மணி காத்திருக்கவேண்டிய இடத்தில் அறுபது வயதுப் பெண் முதலில் தேடுவது கழிப்பறையைத்தான்.

கூடவே இன்னொன்று. ஆலைகளில் பூட்டுகிற பெண்களில் மிகப் பலர் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்கள். கல்யாணம், குழந்தை என்று வெளியே வந்த பிறகு அந்த இயந்திர அறிவோடு இந்த வட்டாரத்தில் எங்கே போகிறார்கள் என்று என் மாணவிகளைக் கேட்டால், வீட்டுக்கு என்பார்கள். பேட்டரிப் பெட்டியைப் பூட்டத் தெரிந்தவருக்குக் கன் ஏன் பிடிக்கவில்லை என்பதும் தெரியும்.

டீச்சர் அந்தப் பயணத்துக்குப் பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறார். எந்த ஊரில் எந்த சார்ஜர், எந்தப் பக்கம் நிழல், எந்த ஆப், எந்தப் பாஸ்வேர்டு, எல்லாம் முத்துமுத்தான கையெழுத்தில். மகனிடம் சண்டை போட்டுக் கணக்கைத் தன் எண்ணுக்கு மாற்றிக்கொண்டார். நோட்டின் முதல் பக்கத்தில் சூளகிரி உணவகக் காவலாளியின் எண் இருக்கிறது. பெங்களூரு கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி அவரைக் கூப்பிட்டு, "அண்ணே, நாளைக்குப் பகல் டியூட்டியா, ராத்திரி டியூட்டியா?" என்று கேட்டுக்கொள்கிறார். ராத்திரி டியூட்டி என்றால் பயணத்தைத் தள்ளிவைக்கிறார்.